கூறைச்சேலையில் தொட்டில் கட்ட வேண்டாம்

மாலு, கடலை, பட்டாணி என்று கச்சாங் வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே கடையில் இருக்கிறேன், நடுவில் ஒரு மரப்படிதான். இதற்குப் போய் எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் அம்மா இப்போதே கேட்டுவிட்டாள். என்ன செய்வது? வாயால் சொல்ல வந்தால் எனக்குப் பரபரப்பில் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. நீயோ, "அப்பா, ப்ளீஸ்ப்பா, இப்ப வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாய். சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து உன்னையும் பிள்ளையையும் பத்து காவானில் இருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். அதற்குள் இதை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு, சம்பந்தியம்மாவிடம் கொடு, ஃபேக்டரியில் உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் கொடு. யார் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பாலில் விஷம் இல்லை. உன் உடம்பிலும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு சொல்கிறேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதுதான் மீதிக் கடிதம். நீண்டு போகும், பொறுமையாகப் படி. உன் அப்பன் சுருக்கமாகப் பேசி நீ எப்போது பார்த்தாய்?

நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் மற்றவர்களும் படிக்கலாம் என்று சொல்லிவிட்டேனே. பயல் பிறந்த மறுநாள் நர்ஸ் வந்து, தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்ததில் ஜி6பிடி என்ற ஒன்று இவனுக்குக் குறைவாக இருக்கிறது என்றார். சில நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். உடம்பு மஞ்சளாகி, கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். நம் குடும்பத்தில் கடற்கரையில் போலக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்த முதல் ஆள் இவன்தான் என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். அப்போதெல்லாம் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டையைக் கொடுத்து, இது உடம்போடு பிறந்த குறை, மருந்தால் மாறாது, ஆனால் சில பொருள்களை மட்டும் கிட்டே விடாமல் இருந்தால் மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளருவான் என்றார்கள். சில மாத்திரைகள் கூடாது. கச்சாங் பாராங், அந்தப் பெரிய அவரைக்கொட்டை, கூடாது. அந்துருண்டை கூடாது. அந்துருண்டையின் ஆவி மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் போய்ப் பிள்ளையின் இரத்தத்தை உடைத்துவிடுமாம். அன்றைக்கே உன் அம்மா மாடி அலமாரியில் கிடந்த அத்தனை உருண்டைகளையும் பொறுக்கி வெளியே வீசினாள். நானும் நிம்மதியாக என் வாணலிக்குத் திரும்பினேன்.

உருண்டையை வீசினோம். அதன் வாசம் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எவரும் யோசிக்கவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மகள் வயிற்றுப் பிள்ளையை முப்பதாம் நாள் முதல் தொட்டிலில் போடும்போது, மகளைப் பெற்றவளின் கூறைச்சேலையில்தான் போட வேண்டும். நீயும் அப்படித்தான் கிடந்தாய். உன் அம்மாவின் அரக்குக் கூறை கீழே இரும்பு பீரோவில், எங்கள் கல்யாண நாளிலிருந்து அந்துருண்டைக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. பூச்சி அரிக்காமல் அதைக் காப்பாற்றியதில் அவளுக்கு அவ்வளவு பெருமை! அன்று காலை அதை அப்படியே எடுத்து, ஸ்பிரிங்கில் கொக்கி மாட்டித் தொட்டில் கட்டிவிட்டாள். சாம்பிராணி போட்டிருந்ததால் ஒருவர் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தியம்மா பிள்ளையைக் கையில் ஏந்தி, குனிந்து, உள்ளே விடப் போகிறார். நான் முறுக்குத் தட்டோடு மேலே வந்தவன், சேலையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகத்தான் முகத்தில் அந்த நெடி அடித்தது.

நான் கத்தியது பக்கத்துக் கடைவரை கேட்டதாம். தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. பிள்ளையைச் சம்பந்தியம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், "என்னா சம்பந்தி இது! நான் என்ன பேரன கீழயா போடப் போறேன்? பத்து பேரு முன்னாடி இப்படியா பிடுங்குறது?" என்றார். நான் வாசத்தைச் சொன்னேன். உன் அம்மா சேலையை முகர்ந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயந்த வாய் எதையாவது பேசும். அப்படித்தான் சம்பந்தியம்மாவும், "எங்க பக்கம் யாருக்குமே இந்த மாதிரி இல்ல லா. இது எங்கேருந்து வந்துச்சோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை மாலு. ஆனால் அந்த வார்த்தை நேராக உன் மேல் போய் விழுந்தது, நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து நீ பிள்ளைக்குப் பால் கொடுப்பதில்லை. புட்டிப்பால் கலக்கிக் கொடுக்கிறாய். கேட்டதற்கு, "நான்தானேப்பா குடுத்தேன். ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க, இது அம்மாகிட்டேருந்துதான் பையனுக்கு வருமாம். இன்னும் என்னென்ன குடுக்கப் போறேனோ, பயமா இருக்குப்பா" என்றாய். இன்னொரு பிள்ளையே வேண்டாம் என்றும் சொன்னாய். நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, பால் கொடுக்கலாம், கச்சாங் பாராங் மட்டும் நீ சாப்பிடாதே, எந்த மருந்தையும் கேட்டுக்கொண்டு சாப்பிடு, வேறு ஒன்றும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியும் உன் காதில் ஏறவில்லை. பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பயம் எதைப் பற்றியது என்று முதலில் தெரிய வேண்டும். அதனால்தான் உன் பழைய புத்தக மூட்டையை அவிழ்த்தேன்.

உன் ஃபார்ம் ஃபோர் பயாலஜி புத்தகம் இருந்தது. மலாய்தானே, எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உயிரணுவுக்குள் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று ஒரு பாடம். ஓரத்தில் நீ பென்சிலில், "போரிங்" என்று எழுதி வைத்திருக்கிறாய். ஐயோ மகளே, இதையா போரிங் என்றாய்? நான் கடலையை அடுப்பில் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தவன், ஒரு வாணலியையே கருக்கிவிட்டேன். அதில் இருப்பது முழுக்க முழுக்க நம் கடை! மாவு இருக்கிறது, பருப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் விற்றதெல்லாம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. விதைக்குள் ஒரு எழுத்தும் இருக்கிறது. நான் வறுக்காமல் விட்டால் அந்த எழுத்தைப் படித்துத்தான் கடலை முளைக்கிறது. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். பாதிப் பேர் கச்சாங்கை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன். குளுக்கோஸ் என்பது ஒரு சின்னச் சர்க்கரை. அதையே ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போனால் மாவுச்சத்து. கோத்தபின் இனிப்பே தெரியாது, அவிழ்த்தால் மறுபடி இனிக்கும். எச்சில் அதை அவிழ்க்கும் என்று போட்டிருந்தது. விடுவேனா நான்? ஒரு வாய் வெறுஞ்சோற்றை எடுத்து விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து நம் வாடிக்கைக்காரர் வந்து, "என்னா அண்ணே, பல்லு வலியா?" என்கிறார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மென்றேன். இனித்தது மாலு! கடைசியில் உண்மையாகவே இனித்தது. அவரையும் ஒரு வாய் மெல்ல வைத்தேன். இரண்டு கிழவர்கள் கடை வாசலில் வெறுஞ்சோற்றை மென்று சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பது எனக்கு இந்தப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கையெல்லாம் தழும்பு இருக்கிறது. ஆனால் ஒரு வகைக் கொழுப்புக்குத் தலை தண்ணீரை விரும்புமாம், வால் தண்ணீரை வெறுக்குமாம். தண்ணீரில் விட்டால் அவை தாங்களாகவே இரண்டு வரிசையாக நின்று, வாலை உள்ளே மறைத்து, தலையை வெளியே காட்டி ஒரு தோலாக ஆகிவிடும். ஒருவரும் கட்ட வேண்டியதில்லை. உன்னிலும் என்னிலும் உள்ள ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியிருப்பது இந்தத் தோல்தான். உன் பிள்ளையின் இரத்தச் சிவப்பணுவைச் சுற்றியிருப்பதும் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள், நம் கதை நடப்பது இங்கேதான்.

புரதம் என்றால் நான் பருப்பு, முட்டை, மீன் என்றுதான் நினைத்திருந்தேன். அது சாப்பாட்டுப் பேர். உள்ளே பார்த்தால் அதுதான் வேலையாள். இருபது வகை மணிகளை ஒரு வரிசையில் கோத்து, அந்தச் சரம் தானாகச் சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். எந்த வடிவமோ அந்த வேலை. மூச்சுக்காற்றைத் தூக்கிக்கொண்டு போகிறதும் புரதம், சோற்றை அவிழ்க்கிற எச்சிலில் இருப்பதும் புரதம். சூடு பட்டால் வடிவம் குலைந்துவிடும், அதனால்தான் பொரித்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாது. வேலை செய்கிற இந்தப் புரதங்களில் ஒரு கூட்டத்துக்கு என்சைம் என்று பேர். ஒரு வேலையை முடித்துவிட்டு, தான் தேயாமல், அடுத்ததைக் கையில் எடுக்கும். நம் பயலுக்குக் குறைந்திருக்கும் ஜி6பிடி அப்படிப்பட்ட ஒரு என்சைம்தான். பேய் இல்லை, பிசாசு இல்லை, விஷமும் இல்லை. வேலைக்கு வர வேண்டிய ஒரு ஆள், சீக்கிரம் களைத்துப்போகிறான்.

அவன் வேலை என்ன தெரியுமா? இதைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எண்ணெயைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும் இல்லையா? பழைய கச்சாங்கைக் கடித்ததும் தூ என்று துப்புகிறோமே, அதே வாடை. நம் சிவப்பணு நாள் முழுக்கக் காற்றைச் சுமக்கிறது, சுற்றிலும் கொழுப்புத் தோல். சிக்குப் பிடிக்காமல் இருக்குமா? சர்க்கரையில் கொஞ்சத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு காப்பைத் தயார் செய்து, அந்தத் தோலும் உள்ளே இருக்கும் சிவப்புப் புரதமும் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கு வழி செய்கிறவன்தான் இந்த ஜி6பிடி. சர்க்கரை, கொழுப்பு, புரதம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பார்! சும்மா நாட்களில் களைத்த ஆளே அந்த வேலைக்குப் போதும். அந்துருண்டை ஆவியோ கச்சாங் பாராங்கோ உள்ளே போனால் வேலை திடீரென்று ஏறிவிடும். அவனால் ஈடுகொடுக்க முடியாது, அணு உடையும், பிள்ளை மஞ்சளாவான். அந்த அட்டையில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் இப்போது எனக்குக் காரணம் தெரியும்.

இன்னொரு அதிசயம். மற்ற உயிரணுக்கள் ஒரு என்சைம் பழுதானால் புதிதாகச் செய்துகொள்ளும். அதற்கான குறிப்பு டி.என்.ஏ. என்ற நீளமான சரத்தில், நாலே நாலு எழுத்துகளில் எழுதியிருக்கும். சிவப்பணு மட்டும் இரத்தத்துக்குள் இறங்கும் முன்பே அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது, காற்றைச் சுமக்க இடம் வேண்டுமே! கட்டுச்சோறு மாதிரி முன்பே செய்து கொண்டுவந்த என்சைமை வைத்தே நான்கு மாதம் போல ஓட்ட வேண்டும். அதனால்தான் இந்தக் குறை அதை மட்டும் இப்படிப் பாடுபடுத்துகிறது. குறிப்பு முழுக்கத் தப்பா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஒரு எழுத்து மாறினால் ஒரு மணி மாறுகிறது, மடிப்பு கொஞ்சம் தளர்கிறது, ஆள் சீக்கிரம் களைக்கிறான். அவ்வளவுதான் மகளே. அத்தனை நீளப் புத்தகத்தில் ஒரு எழுத்து.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. கச்சாங் பாராங்! இந்த ஜெலுத்தோங் பசாரில் என்னைப் பற்றி எல்லாரும் சொல்லும் கேலி என்ன? தன் சரக்கைத் தானே சாப்பிடாத கச்சாங்காரன் என்பதுதானே! கடலை சாப்பிடுவேன், பட்டாணி சாப்பிடுவேன், கச்சாங் பாராங்கை மட்டும் தொடமாட்டேன். காரணத்தை உனக்கும் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தி, தொழிலுக்கு வந்த புதிதில், ருசியில் மயங்கி அதில் ஒரு தகர டப்பாவையே காலி செய்தேன். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சள், ஒன்றுக்குப் போனால் பால் விடாத கோப்பி ஓ நிறம். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், படுக்கையில் கிடந்து எழுந்தேன். அதிலிருந்து அதைக் கண்டாலே வயிறு புரட்டும். நீ சின்னப் பிள்ளையாக அதை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "அப்பா, ஒண்ணே ஒண்ணு!" என்று என்னைத் துரத்துவாய். உனக்கு ஒன்றுமே ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது.

மறுநாள் காலையில் கிளினிக்கில் போய் நின்றேன். ஜி6பிடி பார்க்க வேண்டும் என்றதும் அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி என் பின்னால் பிள்ளை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அங்கிள், பேபிக்கா?" "இல்லம்மா, இந்தப் பேபிக்குத்தான்" என்று என் கையை நீட்டினேன். டாக்டர் நான் சொன்ன கச்சாங் கதையைக் கேட்டுவிட்டு, "கட்டாயம் பார்க்கணும் அங்கிள்" என்றார். இன்று காலை முடிவு வந்துவிட்டது.

எனக்கும் குறைவு! மாலு, பயலுக்கு இருக்கிறதே அதே குறைவு எனக்கும் இருக்கிறது. நான் கிளினிக் நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தட்டிவிட்டேன். எந்தப் பரீட்சை முடிவிலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே கிடையாது. வழியில் அப்பம் பாலேக் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். உன் அம்மா, "ஆளுக்குக் குறை இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க, இந்த மனுஷன் பலகாரம் வாங்கிட்டு வந்து சிரிக்குது!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளையும் உட்கார வைத்துச் சொன்னேன். உனக்கும் இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேள்.

இந்த எழுத்து இருப்பது எக்ஸ் என்ற மரபுச்சரத்தில். ஆணுக்கு அது ஒன்றுதான், அம்மாவிடமிருந்து வரும். பெண்ணுக்கு இரண்டு, ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அப்பாவிடம் இருப்பதே ஒன்றுதான், மகளுக்கு அதைத்தான் கொடுக்க முடியும். அதைக் கொடுக்காமல் தப்பிக்கவும் முடியாது. நான் உன்னைப் பெறும்போதே அந்த எழுத்து உன் கைக்கு வந்துவிட்டது. நீ தேடிப் போய் வாங்கவில்லை, நீ சாப்பிட்டதாலோ நடந்ததாலோ அழுததாலோ வரவில்லை. சரி, உனக்கு ஏன் கச்சாங் பாராங் ஒன்றும் செய்யவில்லை? உன் அம்மா கொடுத்த இன்னொரு சரத்தில் அந்த எழுத்து சரியாக இருக்கிறது. அவள் கூறைச்சேலையைப் பார்த்துப் பார்த்து அழுகிறாளே, அவளிடம் போய்ச் சொல்: உன்னை இத்தனை நாள் காத்தது அவள் கொடுத்ததுதான். அடுத்தது ஆணாகப் பிறந்தால், உன் இரண்டு சரங்களில் எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதியில் பிறப்பவனும் என்னை மாதிரி இருப்பான். என்னைப் பார்த்தால் உனக்குப் பாவமாகவா இருக்கிறது?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மலேரியாக் காய்ச்சல் ஆட்டிப் படைத்த நாடுகளில்தான் இந்த எழுத்து அதிகமாம். இந்தக் குறை இருக்கும் இரத்தத்தில் அந்தக் கிருமிக்கு வளரச் சிரமம், அதனால்தான் இது அழியாமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் என்று நினைக்கிறார்களாம். நம் ஆட்கள் முதலில் வந்து இறங்கியது நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டங்களில், அங்கே காய்ச்சலில் எத்தனை பேர் போனார்களோ. நம் ஆள் தப்பியது இந்த எழுத்தால்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சம்பந்தியம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இது போதும்.

சொல்லியும்விட்டேன். மத்தியானம் அவருக்குப் போன் போட்டு, "சம்பந்தி, எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களே, கண்டுபிடிச்சிட்டேன். எங்கிட்டேருந்துதான். மாலு மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன். அவர், "நான் அன்னைக்குப் பயத்துல பேசிட்டேன் சம்பந்தி. மாலுகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாம இருந்தேன் லா" என்று அழுதுவிட்டார். அப்புறம் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? முப்பதாம் நாள் முடிந்து வீட்டுக்குப் போன கையோடு, அந்துருண்டை கிடந்த அலமாரியிலிருந்து சேலை, போர்வை, மாப்பிள்ளையின் கல்யாண வேட்டி வரை எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறார். "இன்னும் வாசம் போகாததெல்லாம் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். புள்ள வர்ற வீட்டுல ஒரு உருண்டை கிடையாது" என்றார். நீ யாருக்குப் பயந்து சனிக்கிழமையை நினைத்து நடுங்குகிறாயோ, அவர் உனக்காகப் பீரோவைக் காலி செய்துகொண்டிருக்கிறார்.

ஆகவே மாலு, பயப்பட வேண்டியதற்குப் பயப்படு, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் அந்த அட்டையைக் காட்டு. பிள்ளை மஞ்சளானாலோ வெளிறினாலோ, ஒன்றுக்குப் போகும் நிறம் மாறினாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆசையாகத் துணி கொடுப்பவர்களிடம் வாங்கி, முகர்ந்து பார்த்து, துவைத்துப் போடு. யாராவது முகம் சுளித்தால் என் பேரைச் சொல். நம் கடையில் இனி கச்சாங் பாராங் வறுக்கப் போவதில்லை, அந்தத் தகரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். தொட்டிலுக்கு உன் அம்மாவின் கூறை வேண்டாம். என் நீலக் கைலி இருக்கிறதே, கடைக்குக் கட்டுவது, அதைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நேற்று வரை என் இடுப்பில் இருந்தது, பீரோவையே பார்த்ததில்லை. கச்சாங் வாசம் கொஞ்சம் இருக்கும். அவன் தாத்தாவின் இரத்தத்தையே வாங்கிக்கொண்டவன், இந்த வாசத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டானா?

கடைசியாகப் பாலைப் பற்றி. புத்தகத்தின் அந்தப் பாடத்தை முடித்ததும் நான் தேடியது அதைத்தான். தாய்ப்பாலில் சர்க்கரை இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நான் இவ்வளவு பக்கம் வியந்து வியந்து எழுதினேனே, அத்தனையும் அதில் இருக்கிறது. நோயோடு சண்டை போடுகிற புரதங்களும் இருக்கின்றன, அவை எந்தப் பால்மாவு டின்னிலும் கிடைக்காது. நீ கொடுக்கும் பாலில் பிள்ளைக்குக் கெடுதலாக ஒன்றுமே இல்லை. எழுத்தை நான் கொடுத்தாயிற்று, அது போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்த எழுத்தோடு அவன் நன்றாக வாழ என்ன வேண்டுமோ அதுதான் உன்னிடம் இருக்கிறது. புட்டி கொடுப்பதும் தப்பில்லை, களைப்பாக இருந்தால் கொடு. பயந்து கொடுக்காதே, அதுதான் நான் கேட்பது.

இதை மடித்து உன் கையில் கொடுத்துவிட்டுப் படியிலேயே நிற்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். இதோ, மேலே அவன் எழுந்து அழுகிறான், எனக்கு இங்கே கேட்கிறது. உன் அம்மாவைப் புட்டி கலக்கச் சொல்லி நீ கூப்பிடுவாய் என்று அவள் படிக்குக் கீழே காத்துக்கொண்டிருக்கிறாள். அவளை நான் அடுப்பைப் பார்க்க அனுப்பிவிடுகிறேன். கடிதத்தை இப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அவனைத் தூக்கு. பால் கொடு, அம்மா.